மாடசாமியின் மூளி வாள்

இக்கட்டுரையில் நான் கண்ணால் கண்டதும் கையால் தொட்டதும் மட்டுமே இடம்பெறும். பிறர் சொல்லக் கேட்டது எங்கேனும் வருமாயின், கேட்டது என்றே குறிப்பிடுவேன். இத்தனை கறாரான வேலி எதற்கு என்று வாசகர் வியக்கலாம். பள்ளிவாசல் என்னும் மலையூருக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்த வெண்கல ஆயுதங்களைப் பற்றிக் கைப்பேசிகளில் பல கதைகள் உலவுகின்றன. ஒரு கதையில் அவ்வாள்கள் பொன்னாகிவிட்டன. மற்றொன்றில் அவை இருளில் ஒளிர்கின்றன. இன்னொன்றில் அவற்றை நானே மண்ணிலிருந்து தோண்டி எடுத்தேன். என் பணிக்காலம் முழுவதிலும் நான் எதையும் தோண்டியதில்லை. பிறர் தோண்டியதைத் துடைத்தேன். பல சமயங்களில் துடைக்காமல் இருந்தேன். அந்த இரண்டாவது வேலையே கடினமானது.

எழுதத் தூண்டியவர்கள் இப்போது ஆய்வகத்தில் பணிபுரியும் இளையவர்கள். கையில் ஏந்தும் கருவி ஒன்று வந்திருக்கிறது. உலோகத்தின் அருகே நீட்டினால் அதில் செம்பு எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு என்று உடனே காட்டிவிடுகிறது. "அப்பெல்லாம் அறுத்துத்தான் பாப்பீங்களா சார்?" என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். ஆம், அறுத்தோம். எப்போது அறுத்தோம், எப்போது அறுக்க அஞ்சினோம் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு புதையலின் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்ததைத் தொடர்புடைய இருவருக்கும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ஒருவர் சில அடைமொழிகளை நீக்கச் சொன்னார். மற்றவர், "மொதல்ல சிரிச்சது நான் இல்ல அய்யா, டாக்டரம்மாதான்" என்று ஒரு பிழையைத் திருத்தினார். இரண்டு திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வேதியியல் படித்துவிட்டுப் பாலக்காட்டில் இருந்த தொல்பொருள் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பயிற்சி ஆண்டுகளில் கற்றதை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: கையைக் கட்டிக்கொண்டிரு. மண்ணிலிருந்து வரும் செம்பின் மேலும் வெண்கலத்தின் மேலும் படர்ந்திருக்கும் களிம்பு அழுக்கன்று. உலோகமும் மண்ணும் நெடுங்காலம் ஒன்றோடொன்று பேசியதன் பதிவு அது. அதைத் தேய்த்துவிட்டால் அந்தப் பேச்சு போய்விடும், மீளாது. இதை என் மனைவிக்குப் புரியவைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. முதன்முறை ஆய்வகத்துக்கு வந்தபோது, கண்ணாடிப் பெட்டிகளில் பச்சை பூத்திருந்த கிண்ணங்களைப் பார்த்துவிட்டு அவள் என் காதருகே கேட்டாள்: "ஏனுங்க, இத்தன பெரிய ஆபீசுல ஒரு உருண்டப் புளி வாங்கி வெக்க மாட்டாங்களா?"

எங்கள் தலைமை வேதியியலாளர் டாக்டர் ஜானகி கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வயதில் இளையவர், பதவியில் மூத்தவர். அவருடைய இயல்பைச் சொல்ல இரண்டு செய்திகள் போதும். அறிக்கைகளில் அடைமொழிகளை அவர் பொறுக்கமாட்டார். "'மிகத் தொன்மையான'னு எழுதியிருக்கேளே சென்னியப்பன், தொன்மை மட்டும் போறாதோ? மிகன்னா எவ்வளவாக்கும்?" என்பார். மற்றது அவர் வகுத்த ஒரு விதி. எந்தப் பொருளையும் ஆராயத் தொடங்குமுன், அதைப் பற்றி நாம் என்ன எண்ணுகிறோம் என்பதை எல்லாரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். அதோடு, எதைக் கண்டால் நம் எண்ணம் தோற்றது என்று ஒப்புக்கொள்வோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ந்த பிறகு பேச்சை மாற்ற எவருக்கும் இடமில்லை, அவருக்கும் இல்லை. இந்த விதியே பின்னர் அவரைக் கையில் வாளோடு மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

தோட்டத்து மாடசாமி கோயிலில் சுற்றுலா வந்த எவரோ எடுத்த படம் ஒன்று எங்கள் துறையின் பார்வைக்கு வந்தது. பீடத்தின்மேல் சாத்தியிருந்த வாள்களின் வடிவம், இக்காலத்துக் கோயில் ஆயுதங்களின் வடிவத்தோடு ஒத்துவரவில்லை. ஆராய்வதற்காக அனுப்பிவைக்குமாறு துறை கேட்டது. தோட்டத்தார் ஆயுதங்களை மட்டும் அனுப்பவில்லை. செல்லத்தாயும் உடன் வந்தார். தேயிலை பறிப்பவர், கொடை விழாக் குழுவின் தலைவி. மறையூர் வழியாகத் தமிழ்நாட்டில் இறங்கி, உடுமலையும் பொள்ளாச்சியும் கடந்து, மீண்டும் கேரளத்துக்குள் நுழைந்து, மடியைவிட்டு இறக்காத ஒரு சிவப்புத் துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

மேசைமேல் வைத்து மூட்டையை அவிழ்த்தோம். சில வாள்கள், ஓர் ஈட்டி முனை. குத்துவிளக்குப் போல அத்தனையும் பளபளத்தன. களிம்பு என்று ஒரு புள்ளிகூட இல்லை.

"எப்படி இவ்வளவு பளபளப்பு?" என்று டாக்டர் ஜானகி மெல்லக் கேட்டார்.

"வருசாவருசம் கொடைக்கு முந்தின நாளு புளியும் சாம்பலும் போட்டு வெளக்குவோம்லா. மூஞ்சி தெரியணும்மா. இல்லேன்னா மாடன் கோவிச்சுக்கிடுவாரு."

தன் மாமனார் காலத்தில், புதிதாகத் தேயிலை நடுவதற்குக் குழி வெட்டியபோது இவை ஒரே இடத்தில் அடுக்கிவைத்தாற்போலக் கிடைத்தன என்று செல்லத்தாய் சொன்னார். இது நான் கேட்டது, கண்டதன்று.

வாள்களின் விளிம்பில் ஆங்காங்கே வெட்டு வடுக்கள் இருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது, துணியும் விரலும் நுழைய முடியாத வடுக்களின் அடியில் செம்பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பழமையின் தடயமோ என்று எண்ணினேன். ஆனால் எண்ணெயும் புளியும் படும் வெண்கலத்தில் சில ஆண்டுகளுக்குள்ளேயே அப்படியொரு படிவு உண்டாகக்கூடும். அது சான்றாகாது. டாக்டர் ஜானகி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, தம் விதிப்படி எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"என் அபிப்பிராயம் இதாக்கும். யாரோ நேர்ந்துண்டு வாங்கி வெச்ச கடைச் சாமான். நூறு வருஷம்கூட ஆயிருக்காது."

செல்லத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எது? எங்க மாடன் ஆயுதமா கடைச் சாமான்?"

"கோபிச்சுக்காதேங்கோ. தோத்தா ஒத்துக்கறேன். துலக்காத துண்டு ஒண்ணு வேணும். அது ஒடிஞ்சிருந்தா, ஒடிஞ்ச எடத்துலயும் களிம்பு உள்ள எறங்கியிருக்கணும். அப்படி ஒண்ணு காட்டினேள்னா நான் தோத்தேன்."

"தோத்தா என்ன செய்விய?"

"நீங்க சொல்றதச் செய்யறேன்."

"அது இருக்கட்டும். கொடைக்கு ஆயுதம் பீடத்துல இருக்கணும். அதுக்கு வாக்குக் குடுங்க."

"குடுத்தேன். கொடைக்கு மாடன் கையில ஆயுதம் இருக்கும்" என்றார் டாக்டர் ஜானகி. கடைச் சாமான் என்று உறுதியாக நம்பியதால் அவருக்கு அதில் தயக்கமே இல்லை.

ஆயுதங்களை ஆய்வகத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிய செல்லத்தாயோடு பேருந்து நிலையம்வரை நான் சென்றேன். வழியில் அவர் கேட்டார்: "அய்யா, பழசுன்னு ஆயிட்டா என்ன செய்வாக?"

"சர்க்கார் எடுத்துக்கும்ங்க. மண்ணுக்குள்ள கெடைச்ச பழம்பொருள் சர்க்காருக்குத்தானுங்க சொந்தம்."

"புதுசுன்னா?"

"திருப்பிக் குடுத்துருவாங்க."

பேருந்தில் ஏறி அமர்ந்து சன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

சில நாட்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். இம்முறை கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஈரமண். அந்த மண்ணுக்குள் இருந்தது ஒரு வாள். நடுவில் வளைத்து முறித்து இரண்டு துண்டாக்கப்பட்டிருந்தது. நுனிமுதல் அடிவரை பச்சை.

"ஒடிஞ்சதச் சாமிக்கு வைக்கக்கூடாதுல்லா. இது மூளி. எங்க மாமனாரு காலத்துலயே பீடத்துக்கு அடியில புதைச்சாச்சு. புளியும் படல, ஒண்ணும் படல. எடுக்கலாமான்னு பூக்கட்டிப் பாத்தோம். வெள்ளப்பூ வந்துச்சு. எடுத்தாச்சு."

"அம்மா, இதக் குடுத்தா மத்த வாளெல்லாம் உங்களுக்குத் திரும்பாதுங்களே" என்றேன்.

"போனாப் போவட்டும் அய்யா. மாடன் கையில கடைச் சாமான் இருந்துச்சுன்னு ஒரு பேச்சு வரலாமா? கொடைக்கு டாக்டரம்மா வாக்குக் குடுத்திருக்காக. அது அவுக பாடு."

இனி அறுத்த கதை. முதலில் வாளை அந்த மண்ணோடு சேர்த்தே எடைபோட்டு, படமெடுத்து, மூங்கில் குச்சியால் மண்ணைத் தளர்த்தி நீக்கினோம். உலோக முனையுள்ள எந்தக் கருவியையும் டாக்டர் ஜானகி மேசையருகே விடவில்லை. கைப்பிடிக்குள் செருகுவதற்காக வாளின் அடியில் நீட்டியிருந்த முளையின்மேல், பச்சைப் படிவுக்கு இடையே கோடுகோடாக ஏதோ தெரிந்தது. மரம். செம்பின் உப்பு நுண்ணுயிர்களை அண்டவிடாது. அதனால் கைப்பிடியின் சிறு சிலாம்பு மட்காமல் தப்பியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து, காலத்தைக் கணிக்கும் வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

பிறகு முறிந்த முகத்தின் ஒரு மூலையிலிருந்து, நகை செய்வோர் பயன்படுத்தும் மெல்லிய இரம்பத்தால், அரிசிமணியைவிடச் சிறிய சில்லு ஒன்றை அறுத்தேன். எந்த இடத்தில் அறுப்பது என்று முடிவுசெய்ய ஒரு பகற்பொழுது ஆயிற்று. அறுப்பதற்குச் சிறிதுநேரமே ஆயிற்று. முறிந்த முகமும் உள்ளிருந்த உலோகமும் ஒருசேரத் தெரியும்படி அறுக்க வேண்டும். அதே வேளையில் வாளின் வடிவம் சிறிதும் மாறக்கூடாது. சில்லைப் பிசினில் பதித்து, இறுகிய பின், சொரசொரப்பான தாளில் தொடங்கி வழவழப்பான துணிவரை படிப்படியாகத் தேய்த்தேன். ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையைக் குறுக்காகத் திருப்ப வேண்டும்; முந்தைய கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்த படி. இடையில் பொறுமையிழந்தால் நுண்ணோக்கியில் நம் அவசரமே தெரியும், உலோகம் தெரியாது. கண்ணாடிபோல ஆனபின், அரிப்புக் கரைசலில் ஒரு நொடி தொட்டெடுத்துக் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்தேன்.

முடிவைக் காண அன்று செல்லத்தாயும் வந்திருந்தார். டாக்டர் ஜானகி நாற்காலியை இழுத்துக்கொண்டு அமர்ந்தார். நெடுநேரம் அவருடைய வலக்கை மட்டும் நுண்ணோக்கியின் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே பச்சை, அதனடியில் சிவப்பு, அந்தச் சிவப்பு, உலோகத்துக்குள்ளிருக்கும் நுண்மணிகளுக்கு இடையிலான எல்லைகளைப் பிடித்துக்கொண்டு, மரத்தின் வேர் பாறையிடுக்கில் இறங்குவதுபோல உட்புறமாக இறங்கியிருந்தது. பூசிய களிம்பு மேலோடு நிற்கும், இவ்வாறு இறங்காது. முறிந்த முகத்திலும் இதே அடுக்கு, இதே இறக்கம். ஆகவே இவ்வாள் மண்ணுக்குள் போகுமுன்பே முறிக்கப்பட்டது. விளிம்பை நோக்கி நகர்ந்தால் உலோக மணிகள் நசுங்கி நீண்டிருந்தன. கூர்மைக்காக எவரோ சம்மட்டியால் அடித்திருக்கிறார். துலக்கிய வாள்களின் உலோகக் கலவையும் இதன் கலவையும் ஒன்றாகவே இருந்ததைப் பிறகு கண்டோம். துலக்கிய வாள்களின் வடுக்களுக்கு அடியில் எஞ்சியிருந்த செம்பழுப்பும் இதே சிவப்புதான்.

டாக்டர் ஜானகி நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோற்றவர் அவ்வளவு மகிழ்ச்சியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"தோத்தேன் செல்லத்தாய். நன்னாத் தோத்தேன். வந்து பாருங்கோ."

செல்லத்தாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "செவப்பா வேர் விட்டிருக்கு" என்றார். பிறகு அவரும் சிரித்தார். மரச் சிலாம்பின் கணிப்பும் பின்னர் வந்தது. இந்நாட்டில் எழுத்து வழங்கத் தொடங்குமுன் வெட்டப்பட்ட மரம் அது.

மகிழ்ச்சி அடங்கியபோது வாக்கு நினைவுக்கு வந்தது. கொடை நெருங்கிக்கொண்டிருந்தது. வாள்கள் இனி அருங்காட்சியகத்துக்கு உரியவை. விழாவுக்கென்று இரவல் தரவும் விதி இடம் கொடுக்கவில்லை. தந்தால் மறுபடியும் புளி போடுவார்கள் என்ற அச்சமும் எங்களுக்கு இருந்தது. டாக்டர் ஜானகி மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். மறுமொழி அவர் எதிர்பார்த்ததே. அந்த வாரம் முழுவதும் அவர் எவருடைய அடைமொழியையும் நீக்கவில்லை. அவர் கவலையை நாங்கள் அதிலிருந்தே அறிந்தோம்.

அதே கலவையில், அதே வடிவில், ஒரு வார்ப்பட்டறையில் பிரதிகள் செய்வித்தோம். விளிம்பை அடித்துக் கூர்மைப்படுத்தியதும் மூலத்தைப் போலவே. அவற்றை எடுத்துக்கொண்டு மலையேறினோம். கொடைக் குழுவினர் கோயில் முன்பு கூடியிருந்தனர். செல்லத்தாய் ஒரு பிரதியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வாயில ஒரு வடு உண்டா? இது வாளா, வெத்தலத் தட்டா? இதுதாம்மா கடைச் சாமான்."

"ஒடிஞ்சதை வைக்கக்கூடாதுன்னேளே. அடிபட்டா மட்டும் ஆகுமோ?" என்று டாக்டர் ஜானகி கேட்டார்.

"ஒடிஞ்சது வேற, அடிபட்டது வேற. அடிபடாத ஆயுதத்த மாடன் எதுக்குத் தூக்கணும்? தேங்கா உடைக்கவா?"

கூட்டம் சிரித்தது. டாக்டர் ஜானகி சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஏதோ ஓடியது. மூல வாள்களின் வடுக்கள் எப்படி உண்டாயின என்பது எங்களுக்கு விடை தெரியாத கேள்வியாக இருந்தது. வாளோடு வாள் மோதியதா? மரத்தை வெட்டியதா? மண்ணுக்குள் கல்லில் அழுந்தியதா? பிரதிகளை அடித்துப் பார்த்து, அந்த வடுக்களை மூலத்தின் வடுக்களோடு ஒப்பிடுவதே வழி. ஆய்வகத்தில் பிடிபொறியில் மாட்டி அடிப்பதாகத் திட்டம் இருந்தது.

"எப்படியும் நாங்க இத அடிச்சுப் பார்க்கத்தான் போறோம்" என்றார் அவர்.

செல்லத்தாயின் கண்கள் சுருங்கின. "தோத்தா நான் சொல்லுதச் செய்யுதேன்னு சொன்னியள்லா? இங்கேயே அடிங்க. எங்க கண்ணு முன்னால. நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

மறுநாள் காலை தோட்டத்துக் கால்பந்து மைதானத்தில் அந்தச் சோதனை நடந்தது. தொழிற்சாலையிலிருந்து தலைக்கவசங்களும் தோல் கையுறைகளும் வந்தன. சிலவற்றை மரக்கட்டையிலும் சிலவற்றைக் கல்லிலும் அடித்து அடையாளமிட்டு வைத்தேன். பிறகு வாளோடு வாள். டாக்டர் ஜானகி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு புறம் நின்றார். எதிரே செல்லத்தாய், பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தார்ப்பாயோடு. தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனம் முழுவதும் மைதானத்தின் ஓரத்தில்.

"டாக்டரம்மா, கொழுந்து கிள்ளுத மாதிரி அடிக்கியளே" என்று ஒரு குரல் கேட்டது.

"கையை வீசி அடிங்கோ செல்லத்தாய். எனக்கு வடு ஆழமா வேணும்."

"உங்களுக்கு வலிக்கும்மா."

"தோத்தவாளுக்கு வலிக்கத்தான் வலிக்கும்."

வெண்கலம் வெண்கலத்தில் மோதும் ஓசை மணியோசை போலிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் பின் நான் ஓடிச்சென்று வடு விழுந்த இடத்தில் வண்ணப் புள்ளி வைத்தேன். சற்று நேரத்தில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, வாள்களைத் தரையில் ஊன்றி, சிரித்துக்கொண்டே நின்றார்கள். அங்கேயே கையோடு கொண்டுசென்ற நுண்ணோக்கியில் பார்த்தோம். மரத்தில் பட்ட விளிம்பு அகலமாக மழுங்கியிருந்தது; கல்லில் பட்டது ஒழுங்கின்றிச் சிதைந்திருந்தது; வாளில் பட்ட வாளில் மட்டுமே இருபுறமும் சரிந்து அடியில் குறுகிய, கூரிய வடு. மூலத்திலிருந்தவற்றுள் பெரும்பாலானவை அந்த வடுவையே ஒத்திருந்தன. அந்த வாள்கள் ஒரு காலத்தில் எதிரெதிரே நின்றவர்களின் கைகளில் இருந்தன.

செல்லத்தாய் தம் வாளின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். "இப்ப வாளு" என்றார்.

அளந்து, படமெடுத்து முடித்தபின், அந்த வாள்களைக் கொடைக்கு முந்தைய நாள் கோயிலில் சேர்த்தோம். புளி போட்டுத் துலக்கினார்கள், எவரும் தடுக்கவில்லை. மறுநாள் சாமியாடியவர் அவற்றுள் ஒன்றை ஏந்தி நெடுநேரம் ஆடினார். மாடன் ஏதேனும் குறை சொன்னாரா என்று செல்லத்தாயிடம் கேட்டேன். "மாடன் ஒண்ணுஞ் சொல்லல. ஆடுனவருதான் கை வலிக்குன்னாரு" என்றார். இது நான் கேட்டதும் கண்டதும். அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மூல வாள்கள் இன்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அருகிலுள்ள குறிப்பு டாக்டர் ஜானகி எழுதியது. அதில் ஓர் அடைமொழிகூட இல்லை. மூளி வாளுக்குத் தனிப் பெட்டி. பெட்டியைப் பார்க்க வந்த செல்லத்தாய், "கடைசியில மூளிக்குத்தான் மரியாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவ்வாள்களை வார்த்தவர் எவர் என்று தெரியவில்லை. செம்பும் வெள்ளீயமும் எந்த மலையிலிருந்து வந்தன என்று தெரியவில்லை. கைப்பிடி எந்த மரம் என்பதை அறியும் அளவுக்குச் சிலாம்பு மிஞ்சவில்லை. போரிட்டவர்களில் வென்றவர் எவர் என்று தெரியவில்லை. ஒரு வாளை மட்டும் ஏன் முறித்தார்கள், முறித்தபின் முழுமையான வாள்களோடு அதை ஏன் சேர்த்துப் புதைத்தார்கள் என்று தெரியவில்லை. மாடசாமி பீடத்தில் இன்று இருக்கும் வாள்களுள் ஒன்றில் ஆழமான வடு ஒன்று உண்டு. அது தாம் அடித்தது என்று டாக்டர் ஜானகி சொல்கிறார். தாம் அடித்தது என்று செல்லத்தாய் சொல்கிறார். அன்று வண்ணப் புள்ளி வைத்தவன் நான்; புள்ளியைப் புளி கரைத்துவிட்டது. அதுவும் தெரியவில்லை.